ட்ரோம்சோ – லாங்யியர்பியன்: விமானத் தூரத்தையும் நேரத்தையும் நீங்களே கணக்கிடும் வழி

ட்ரோம்சோவிலிருந்து லாங்யியர்பியன் எவ்வளவு தூரம் என்று தேடினால் ஓர் இடத்தில் 958 கி.மீ. என்று வரும், இன்னோர் இடத்தில் 962 என்று வரும். நேரம் கேட்டாலும் அப்படித்தான். ஒன்று 1 மணி 9 நிமிடம் என்னும், டிக்கெட்டில் ஏறக்குறைய 1 மணி 40 நிமிடம் என்று போட்டிருக்கும். புதிதாகப் பார்ப்பவருக்கு யாரோ தப்பாகச் சொல்கிறார்கள் என்று தோன்றும். உண்மையில் நான்கும் சரி. ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்கான விடை, அவ்வளவுதான். பத்தாம் வகுப்புக் கணக்கும் ஒரு கால்குலேட்டரும் போதும், இந்த நான்கு எண்களும் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்துவிடலாம். தூரம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நேரம்தான் இழுக்கும்.

இடங்களை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ட்ரோம்சோ நார்வேயின் வடக்கில், ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே உள்ள ஊர். லாங்யியர்பியன் அதற்கும் வடக்கே, ஸ்வால்பார் தீவுக்கூட்டத்தில் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் இருக்கிறது. பயணிகளுக்கு வழக்கமான விமானச் சேவை உள்ள விமான நிலையங்களில் உலகிலேயே வடகோடியில் இருப்பது அதுதான். 1975-இல் திறந்தார்கள். ரன்வே நிரந்தர உறைநிலத்தின் மேல் போடப்பட்டது. இரண்டு ஊர்களுக்கும் நடுவில் கடல். பாதிவழியில் பியர்னோயா என்ற கரடித் தீவு இருக்கிறது. அங்கே வானிலை நிலையம் உண்டு, பயணிகள் விமானம் இறங்க ரன்வே கிடையாது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டும்.

சுவர் வரைபடத்தை நம்பாதீர்கள்

பள்ளிச் சுவரில் தொங்கும் உலக வரைபடமும் கைப்பேசியில் விரல்களால் விரித்துப் பார்க்கும் வரைபடமும் பெரும்பாலும் மெர்கேட்டர் முறையில் வரைந்தவை. அதில் வடக்கே போகப்போக எல்லாம் உப்பும். 70 பாகையில் ஏறக்குறைய 3 மடங்கு, 78 பாகையில் ஏறக்குறைய 5 மடங்கு. அந்த வரைபடத்தில் ட்ரோம்சோவிலிருந்து லாங்யியர்பியனுக்கு அடிக்குச்சி வைத்து அளந்துவிட்டு, அதே அடிக்குச்சியை இந்தியாவின் மேல் வையுங்கள். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீரின் வடமுனை வரை அப்படியே பொருந்தும். இந்தியாவின் அந்த நீளம் 3,214 கி.மீ. என்பது எல்லாருக்கும் பாடத்தில் வந்தது. ட்ரோம்சோ – லாங்யியர்பியன் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கண்ணால் பார்த்து மதிப்பிடுவது வடக்கில் செல்லாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

செயலியில் உள்ள தூரம் அளக்கும் கருவி வேறு கதை. அது உள்ளுக்குள் உருண்டைக் கணக்கைத்தான் போடும், எண் சரியாகவே வரும். திரையில் தெரியும் கோடு மட்டும் உங்கள் கண்ணை ஏமாற்றும்.

ஆயத்தொலைவுகளை எடுப்பது

ஊருக்கு உரிய எண்ணை எடுக்காதீர்கள், விமான நிலையத்துக்கு உரியதை எடுங்கள். லாங்யியர்பியன் விமான நிலையம் ஊரிலிருந்து சுமார் 5 கி.மீ. தள்ளி ஹோட்டெல்நெசெட் என்ற கடல்முனையில் இருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டரில் ஐந்து பெரிதில்லை. ஆனால் குறுகிய பயணங்களில் அதே ஐந்து உறுத்தும்.

ட்ரோம்சோ விமான நிலையம்: வடக்கு 69°40′53″, கிழக்கு 18°55′10″.
லாங்யியர்பியன் விமான நிலையம்: வடக்கு 78°14′46″, கிழக்கு 15°27′56″.

இங்கேதான் முதல் பிழை நடக்கும். 69°40′53″ என்பதை 69.4053 என்று தட்டிவிடுவார்கள். பாகைக்குப் பின்னால் இருப்பது தசமம் அல்ல, கடிகாரம் மாதிரி அறுபதில் ஓடும் கணக்கு. 53 விநாடியை 60-ஆல் வகுத்து 40-உடன் கூட்டினால் 40.88 நிமிடம். அதை மறுபடி 60-ஆல் வகுத்தால் 0.681. ஆக 69.681 பாகை. அதே போல லாங்யியர்பியன் 78.246. தீர்க்கங்கள் 18.919, 15.466.

ட்ரோம்சோவுக்கு மட்டும் இந்தத் தப்பைச் செய்தால் விடை 31 கி.மீ. பிசகும். இரண்டு இடத்துக்கும் செய்தால் பிழைகள் ஒன்றையொன்று கொஞ்சம் விழுங்கிக்கொண்டு 19 கி.மீ. மட்டும் பிசகும். அது இன்னும் மோசம், ஏனென்றால் விடை நம்பும்படியாக இருக்கும், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

இரண்டு இடங்களும் கிழக்குத் தீர்க்கத்தில் இருப்பதால் குறிக்குழப்பம் இல்லை. கனடா, அலாஸ்கா என்று போனால் மேற்குத் தீர்க்கத்துக்குக் கழித்தல் குறி போட மறக்கக்கூடாது.

கையால் தூரம்

கிலோமீட்டரை இப்போதைக்கு மறந்துவிட்டுக் கடல் மைலில் போடுங்கள். காரணம் எளிது: வடக்கு தெற்காக ஒரு பாகை நகர்ந்தால் 60 கடல் மைல். அந்த அலகு பிறந்ததே அதிலிருந்துதான். மாலுமிகள் பிடித்த வழக்கத்தை விமானிகள் இன்னும் விடவில்லை.

வடக்கே எவ்வளவு? 78.246 − 69.681 = 8.565 பாகை. × 60 = 513.9 கடல் மைல்.

பக்கவாட்டில் எவ்வளவு? 18.919 − 15.466 = 3.453 பாகை. × 60 = 207.2. இது நிலநடுக்கோட்டில் சரி. வடக்கே தீர்க்கரேகைகள் ஆரஞ்சுச் சுளை போல நெருங்கிவிடும் என்பதால், இரண்டு அட்சங்களின் சராசரியான 73.96 பாகையின் கொசைனால் பெருக்க வேண்டும். அது 0.276. ஆகவே 207.2 × 0.276 = 57.2 கடல் மைல்.

இனி பிதாகரஸ். 513.9-இன் வர்க்கமும் 57.2-இன் வர்க்கமும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 517. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ., ஆக ஏறக்குறைய 958 கி.மீ. முடிந்தது.

அப்படியானால் 962 எங்கிருந்து வந்தது? பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்களில் சற்றுத் தட்டையானது. தட்டையான இடத்தில் வளைவு குறைவு என்பதால் ஒரு பாகை திரும்ப அதிக தூரம் போக வேண்டும். நிலநடுக்கோட்டில் ஓர் அட்சப் பாகை சுமார் 110.6 கி.மீ., துருவத்தருகே 111.7. உருண்டை என்று வைத்துப் போடும் கணக்கில் எல்லா இடத்திலும் 111.2. எனவே தூர வடக்கில், தெற்கு வடக்காகப் போகும் பாதைகளில் உருண்டைக் கணக்கு எப்போதும் கொஞ்சம் குறைத்தே சொல்லும். நீள்கோளத்தை வைத்துக் கணக்கிடும் தளங்கள் 962 என்கின்றன. விமானத்துக்கு இந்த 4 கி.மீ. அரை நிமிடம்கூட ஆகாத விஷயம், இதற்காகச் சண்டை போடத் தேவையில்லை.

இதே சூத்திரத்தில் ஒரு துண்டு விடை இலவசமாகக் கிடைக்கும். வட துருவம் 90 பாகை. 90 − 78.246 = 11.754, × 60 = 705 கடல் மைல், அதாவது லாங்யியர்பியனிலிருந்து துருவம் 1,300 கி.மீ.க்குச் சற்று மேல். துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்று ஊர் திரும்பிச் சொல்கிறவர்கள் இந்த எண்ணையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

பிதாகரஸ் எங்கே கவிழ்க்கும்

மேலே சொன்ன குறுக்குவழி இந்தப் பாதைக்கு அழகாக வேலை செய்தது, ஏனென்றால் பாதை கிட்டத்தட்ட நேர் வடக்கு. கிழக்கு மேற்காக இடைவெளி கூடக்கூட அது கவிழும். லாங்யியர்பியனிலிருந்து அலாஸ்காவின் உட்கியாக்விக் விமான நிலையத்துக்குப் போட்டுப் பாருங்கள் (வடக்கு 71.285, மேற்கு 156.766). நேரடி விமானச் சேவை இல்லை, கணக்குக்காக மட்டும். தீர்க்க வேறுபாடு 172 பாகைக்கு மேல். பிதாகரஸ் 5,090 கி.மீ. என்று சொல்லும். உண்மையான தூரம் ஏறக்குறைய 3,380 கி.மீ. அட்சக்கோட்டைச் சுற்றிக்கொண்டு போகாமல் துருவத்தை உரசிக்கொண்டு குறுக்கே போய்விடலாம் என்பது அந்த எளிய சூத்திரத்துக்குத் தெரியாது. உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி பெருவட்டம். உட்கியாக்விக் பாதையில் விமானம் வடக்கு நோக்கிக் கிளம்பி, எங்கேயும் திரும்பாமல், தெற்கு நோக்கிப் போய் இறங்கும். ட்ரோம்சோ பாதையில் இந்த வளைவு அற்பம்: கிளம்பும்போது திசை 355 பாகை, சேரும்போது 352.

தீர்க்க வேறுபாடு 10 பாகைக்கு மேல் போனாலே இதைப் போடுங்கள்:

முதல் அட்சத்தின் சைன் × இரண்டாம் அட்சத்தின் சைன். தனியாக எழுதி வையுங்கள். பிறகு முதல் அட்சத்தின் கொசைன் × இரண்டாம் அட்சத்தின் கொசைன் × தீர்க்க வேறுபாட்டின் கொசைன். இரண்டையும் கூட்டி, நேர்மாறு கொசைன் (கால்குலேட்டரில் cos⁻¹) எடுங்கள். வரும் பாகையை 60-ஆல் பெருக்கினால் கடல் மைல்.

ட்ரோம்சோவுக்கு: 0.93778 × 0.97903 = 0.91811. 0.34724 × 0.20372 × 0.99818 = 0.07061. கூட்டினால் 0.98872. நேர்மாறு கொசைன் 8.61 பாகை, × 60 = 517. பிதாகரஸ் சொன்னதேதான்.

மூன்று இடத்தில் சறுக்கும். கால்குலேட்டர் பாகையில் இருக்கிறதா, ரேடியனில் (கோணத்துக்கான இன்னோர் அலகு) இருக்கிறதா என்று பார்க்காமல் தட்டுவது முதலாவது. சரிபார்க்க, 60-இன் கொசைன் கேளுங்கள்: 0.5 வந்தால் பாகை. விரிதாளில் போட்டால் இயல்பாகவே ரேடியன்தான், எல்லாக் கோணத்தையும் பையால் (π) பெருக்கி 180-ஆல் வகுக்க வேண்டும். மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது, தசம இடங்களைச் சுருக்குவது. கடைசியில் அதற்கு ஒரு எடுத்துக்காட்டு வருகிறது.

மூன்று மைல்கள்

கடல் மைல் 1.852 கி.மீ., தரை மைல் 1.609 கி.மீ. இரண்டையும் குழப்பினால் 15 விழுக்காடு போச்சு. நார்வேயில் மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் பேச்சில் ‘மீல்’ என்றால் சரியாக 10 கி.மீ. ‘96 மீல்’ என்று ஒருவர் சொன்னால் 960 கி.மீ. என்று பொருள், மைல் இல்லை. வட நார்வேயின் மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்து குடியேறிய ஈழத் தமிழர் வீடுகளில் இது பழகிப்போன சொல். புதிதாக வருபவருக்குத்தான் தூக்கிவாரிப்போடும்.

தூரத்தை நேரமாக்குவது

இந்த வழியில் ஓடுவது போயிங் 737, ஏர்பஸ் ஏ320 அளவு ஜெட் விமானங்கள். உயரத்தில் சமமாகப் பறக்கும்போது காற்றுக்குச் சார்பான வேகம் ஏறக்குறைய 450 நாட், அதாவது மணிக்கு 450 கடல் மைல்.

517 ÷ 450 = 1.149 மணி. இதை 1 மணி 15 நிமிடம் என்று படிக்காதீர்கள். 0.149-ஐ 60-ஆல் பெருக்கினால் 9 நிமிடம். 1 மணி 9 நிமிடம், தளங்களில் பார்த்த அதே எண். ரன்வேயின் நடுவிலிருந்து ரன்வேயின் நடுவுக்கு, முழு வேகத்தில், ஏறாமல் இறங்காமல் அம்பு மாதிரி போனால் ஆகும் நேரம் அது. எந்த விமானமும் அப்படிப் பறப்பதில்லை.

ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. இரண்டுக்கும் சேர்த்து 10 முதல் 12 நிமிடம் கூட்டுங்கள். ட்ரோம்சோ ரன்வே வடக்கு தெற்காகக் கிடக்கிறது. காற்று தெற்கிலிருந்து வீசினால் தெற்கு நோக்கி எழும்பித்தான் வடக்கே திரும்ப வேண்டும். லாங்யியர்பியன் ரன்வே அதற்கு மாறாக ஏறக்குறைய கிழக்கு மேற்கு. தெற்கிலிருந்து வரும் விமானம் நேராக இறங்க முடியாது, ஃபியோர்டின் (மலைகளுக்கு நடுவே நுழையும் குறுகிய கடல்) மேல் சுற்றி வந்து ரன்வேக்கு நேராக நிற்க வேண்டும். இந்த வளைவுகளுக்கு இன்னும் 3 முதல் 5 நிமிடம். ஆக, சக்கரம் தரையை விட்டதிலிருந்து தொடும் வரை 1 மணி 22 நிமிடம் முதல் 1 மணி 26 நிமிடம் வரை.

டிக்கெட்டில் இருப்பது இதுவும் அல்ல. அது வாயிலிலிருந்து வாயில் வரை: விமானம் நிறுத்திய இடத்திலிருந்து நகரத் தொடங்கிய நொடியிலிருந்து, போய்ச் சேர்ந்து நிற்கும் வரை. தரையில் ஊர்ந்து போவதற்கு இரண்டு பக்கமும் சேர்த்து 10 முதல் 15 நிமிடம் போட்டால் 1 மணி 35, 1 மணி 40 வந்துவிடும்.

சின்ன விமானத்துக்கு 450-க்குப் பதில் வேறு எண் போடுங்கள். டாஷ் 8-400 போன்ற பெரிய டர்போபுராப் (சுழல்விசிறி விமானம்) என்றால் 360 நாட், 517-க்கு 86 நிமிடம். ஏடிஆர் 42 என்றால் 290 நாட் அளவில், 107 நிமிடம். ஏறும் இறங்கும் கூடுதல் இவற்றுக்குக் குறைவு, ஏனென்றால் அவை அவ்வளவு உயரம் போவதில்லை.

குளிரும் கொஞ்சம் கணக்கில் வரும். ஜெட் விமானம் ஒலி வேகத்தின் ஒரு பங்காகத்தான் பறக்கிறது, 737-800 ஏறக்குறைய 0.785. காற்று குளிர்ந்தால் ஒலியின் வேகம் குறையும். மேலே −56 பாகை செல்சியஸ் என்றால் 450 நாட் கிடைக்கும், −65 என்றால் 441. இந்தப் பாதையில் ஒன்றரை நிமிட வித்தியாசம். தெரிந்து வைத்துக்கொள்ளலாம், இதை வைத்துத் திட்டம் போட வேண்டியதில்லை.

காற்று

காற்றைச் சேர்க்கும்போது வேகத்தோடுதான் கூட்டிக் கழிக்க வேண்டும், நேரத்தோடு அல்ல. 60 நாட் எதிர்க்காற்று என்றால் 450 − 60 = 390. 517 ÷ 390 = 1.326 மணி, 80 நிமிடம். அதே 60 பின்காற்றாக வந்தால் 517 ÷ 510, 61 நிமிடம். போகும்போது 11 நிமிடம் இழந்து, வரும்போது 8 நிமிடம்தான் திரும்பக் கிடைக்கிறது. போகவர ஒரே காற்று என்றால் மொத்தத்தில் நட்டம்தான் வரும். எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்வதே காரணம்.

பக்கக்காற்று அவ்வளவு கெடுதல் செய்யாது. 100 நாட் பக்கவாட்டில் அடித்தாலும், மூக்கை அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டு பறக்கும் விமானம் முன்னோக்கி 439 நாட் போகும். இழப்பு 2 நிமிடத்துக்கும் குறைவு. உயரத்துக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வருவது, நம் பாதை தெற்கு வடக்கு. அதனால்தான் போகும் நேரமும் வரும் நேரமும் அட்டவணையில் ஏறக்குறைய ஒன்றாக இருக்கின்றன. கிழக்கு மேற்குப் பாதைகளில் இந்தச் சலுகை கிடையாது.

கடிகாரம்

இந்த இணைக்கு அதிர்ஷ்டம்: ஸ்வால்பாரும் நார்வே நிலப்பகுதியும் ஒரே நேர மண்டலம், கோடைக்கால மாற்றமும் ஒன்றாகவே நடக்கும். புறப்படும் நேரத்தைச் சேரும் நேரத்திலிருந்து கழித்தால் விடை வந்துவிடும்.

எல்லா இடத்திலும் அப்படிக் கழித்தால் ஏமாறுவீர்கள். கனடாவின் நுனாவுட் பகுதியில் இக்காலுயிட்டும் ரேங்கின் இன்லெட்டும் 635 கடல் மைல், 1,176 கி.மீ. தள்ளி இருக்கின்றன. மேற்கே இருக்கும் ரேங்கின் இன்லெட்டின் கடிகாரம் ஒரு மணி பின்னால். ஏடிஆர் விமானம் எதிர்க்காற்றில் மேற்கே போக வாயிலிலிருந்து வாயில் வரை 2 மணி 45 நிமிடம், திரும்பி வர 2 மணி 15 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நண்பகல் 12-க்குக் கிளம்பினால் உள்ளூர் நேரம் 1.45-க்கு இறங்குவீர்கள். திரும்பும்போது 12-க்குக் கிளம்பினால் 3.15. அட்டவணையை மட்டும் பார்த்தால் போக 1 மணி 45, வர 3 மணி 15. எந்தப் பக்கம் காற்று எதிர்க்கிறது என்பதையே தலைகீழாகப் புரிந்துகொள்வீர்கள். இரண்டு திசைக் கால அளவையும் கூட்டி இரண்டால் வகுத்தால் மண்டல வித்தியாசம் அடிபட்டுப் போகும். இங்கே 2 மணி 30. சந்தேகமான அட்டவணை எதையும் இப்படிச் சோதிக்கலாம்.

தரையில் போகும் நிமிடங்கள்

ஸ்வால்பார் நார்வேயின் ஆட்சிக்கு உட்பட்டது, ஆனால் ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகள்) பகுதிக்கு வெளியே. ட்ரோம்சோவில் ஏறுமுன் பாஸ்போர்ட் சோதனை உண்டு. ஆஸ்லோவிலிருந்து ட்ரோம்சோ வழியாகப் போகும் விமானத்தில் வந்தாலும், அதே விமானத்தில்தான் தொடர்கிறீர்கள் என்றாலும், இறங்கிச் சோதனை முடித்து மறுபடி ஏற வேண்டும். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு முக்கியமான செய்தி இது: ஸ்வால்பாருக்கென்று விசா தேவையில்லை, ஆனால் அங்கே போனால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. ஒருமுறை நுழைவு விசாவில் போனால் திரும்பி வர வழி இருக்காது. இருமுறை அல்லது பலமுறை நுழைவு விசா கேட்டு வாங்குங்கள். தூரக் கணக்கில் நாலு கி.மீ. தப்பினால் ஒன்றும் ஆகாது, இதில் தப்பினால் பயணமே நின்றுவிடும்.

குளிர்காலத்தில் இறக்கைகளில் படிந்த உறைபனியைச் சூடான திரவம் அடித்து நீக்கிய பிறகுதான் கிளம்புவார்கள். 10 முதல் 20 நிமிடம். இது பெரும்பாலும் பயணிகள் ஏறி, கதவு மூடிய பின் நடக்கும். திரவம் பனியைத் தடுத்து நிற்கும் நேரம் வரையறைக்கு உட்பட்டது என்பதால் முன்கூட்டியே அடித்து வைக்க முடியாது. பனிப்பொழிவு பலமாக இருந்து ரன்வேயில் வரிசை நீண்டால் மறுபடி அடிக்க வேண்டியும் வரும். ரன்வேயைப் பனி வாரும் வண்டிகள் பிடித்துக்கொண்டால் இன்னும் கால் மணி நேரம். எனவே லாங்யியர்பியனிலிருந்து வேறு படகுப் பயணமோ விமானமோ பிடிக்க வேண்டியிருந்தால், குளிர்காலத்தில் ஒரு இரவை இடையில் விடுவதே புத்தி.

திரும்பி வருவதற்கான எரிபொருள்

பொதுவாக இறங்க முடியாவிட்டால் பக்கத்து விமான நிலையத்துக்குப் போவார்கள். லாங்யியர்பியனுக்குப் பக்கத்து நிலையம் கிடையாது. ஸ்வால்பாரில் நி-ஓலெசுண்டில் ஒரு சரளை ரன்வே உண்டு, ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு, 737-க்கு ஆகாது. ஆகவே விமானம் நிலப்பகுதிக்கே திரும்பிவரத் தேவையான எரிபொருளையும் சுமந்துகொண்டுதான் புறப்படுகிறது. மூடுபனி விலகுமா என்று கொஞ்ச நேரம் மேலே சுற்றிப் பார்ப்பார்கள், இல்லையென்றால் திரும்பல். ஏறக்குறைய மூன்று மணி நேரம் பறந்துவிட்டு, ஏறின ஊரிலேயே இறங்குவீர்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது இப்படிப்பட்ட திரும்பலுக்கும் கூடுதல் இரவுத் தங்கலுக்கும் பணம் தருமா என்று படித்துப் பாருங்கள்.

நடுக்கடலில் ஏதாவது கோளாறு என்றால் முன்னே போவதா, பின்னே வருவதா என்பதற்கும் ஒரு எளிய கணக்கு உண்டு. மொத்தத் தூரத்தைத் திரும்பும் வேகத்தால் பெருக்கி, போகும் வேகமும் திரும்பும் வேகமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். காற்றில்லாத நாளில் விடை சரிபாதி, 258 கடல் மைல். போகும் வழியில் 60 நாட் எதிர்க்காற்று என்றால் 517 × 510 ÷ 900 = 293. கரடித் தீவைத் தாண்டியும்கூட ட்ரோம்சோவுக்குத் திரும்புவதே விரைவு என்று ஆகிவிடும். தூரத்தில் பாதி என்பது நேரத்தில் பாதி இல்லை.

நீங்களே போட்டுப் பார்க்க

லாங்யியர்பியனிலிருந்து நி-ஓலெசுண்ட் ஆய்வு நிலையம். வடக்கு 78.9275, கிழக்கு 11.8742. ஓடுவது 19 இருக்கை டோர்னியர் 228, வேகத்துக்கு 220 நாட் போடுங்கள்.

பிதாகரஸ் வழி: வடக்கே 40.9, பக்கவாட்டில் 42.6, விடை 59 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 110 கி.மீ. பறக்கும் நேரம் 16 நிமிடம், ஏறி இறங்கும் கூடுதலோடு 20-இலிருந்து 25. தூரம் குறைந்தால் கூடுதலின் பங்கு பெரிதாகிவிடுவதைக் கவனியுங்கள்.

இதையே பெருவட்டச் சூத்திரத்தில் போட்டு, நடுவில் நான்கு தசம இடத்தோடு நிறுத்திப் பாருங்கள். கூட்டல் 0.99985 என்று வரும், அதை 0.9999 என்று சுருக்கி எழுதுவீர்கள். நேர்மாறு கொசைன் 0.81 பாகை, 90 கி.மீ. என்று வந்து நிற்கும். ஒரு இலக்கத்தைச் சுருக்கியதில் 20 கி.மீ. காணாமல் போய்விட்டது. சின்னக் கோணத்தில் கொசைன் கிட்டத்தட்ட அசையாமல் ஒன்றிலேயே நிற்பதுதான் காரணம். குறுந்தூரத்துக்குப் பிதாகரஸ், நெடுந்தூரத்துக்குப் பெருவட்டம், எதற்கானாலும் கால்குலேட்டர் காட்டும் எல்லா இலக்கங்களையும் கடைசி வரி வரைக்கும் விடாமல் வைத்திருங்கள்.

அந்த டோர்னியரில் ஏற யோசித்தால் முன்பதிவுத் தளங்களில் தேட வேண்டாம். நி-ஓலெசுண்டை நடத்தும் கிங்ஸ் பே நிறுவனத்தின் ஏற்பாட்டில், அங்கே வேலையும் ஆய்வும் உள்ளவர்களுக்கான விமானம் அது.